சேப்பாக்கம் அரண்மனையின் கூரையும் சுவரும்: பொதுப்பணித்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு பொதுப்பணித்துறையின் மரபுக் கட்டடப் பிரிவுப் பொறியாளர்கள், மற்றும் சேப்பாக்கம் வளாகத்தில் இயங்கும் அலுவலகங்களின் தலைவர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2012 சனவரியில் பொங்கல் விடுமுறை இரவொன்றில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் எரிந்தது. கூரை இடிந்து விழுந்ததில் தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். உடன் சென்றவர்கள் காயமடைந்தார்கள். வெறும் சுவர்களாக நின்ற அந்தக் கட்டடத்தை இடித்துவிடலாம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. அதையெல்லாம் கடந்து, சுண்ணாம்பும் செங்கல்லும் தேக்கும் கொண்டு அதை மறுபடி எழுப்பிக் காட்டியது உங்கள் துறை. இன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. பக்கத்திலுள்ள ஹுமாயூன் மஹாலையும் மீட்டெடுத்து, அதில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைப்பதாக அரசு அறிவித்தது. இவ்வளவுக்கும் முதலில் எங்கள் நன்றி.

இந்த மடல் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்த பழங்கட்டடம் பத்தே ஆண்டில் மீண்டும் ஒழுகத் தொடங்குவதைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கிறோம். புதுப்பித்த வேலையில் குறை இருப்பதால் அப்படி ஆவது அரிது. திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்கென்று தனிக் கவனிப்பு நின்றுவிடுகிறது. ஏ.சி. மாட்ட வருபவர், கேபிள் இழுக்க வருபவர், ஒழுகலுக்குச் சிமெண்ட் பூச வருபவர் என்று ஒவ்வொருவரும் அதை 1980-இல் கட்டிய கான்கிரீட் கட்டடம் போலவே கையாளுகிறார்கள். சேப்பாக்கத்தில் அது நடக்கக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

அரண்மனையில் அரசு அலுவலகம் இருப்பதே தவறு என்று வாதிடுபவர்கள் உண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை. இந்தக் கட்டடம் இன்றுவரை நிற்பதற்குக் காரணமே அது அலுவலகமாக இருந்ததுதான். கட்டடத்தின் வரலாற்றைச் சற்றுப் புரட்டினாலே இது விளங்கும்.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா முதலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்டிக்கொள்ள நினைத்தார். கர்நாடகப் போர்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையோடு ஆட்சியைப் பிடித்தவர் அவர். கம்பெனியின் பீரங்கிகளுக்குப் பக்கத்தில் இருப்பதே பாதுகாப்பு என்று கருதினார். அந்த எண்ணம் நிறைவேறவில்லை. கோட்டைக்குத் தெற்கே, கூவத்தைத் தாண்டி, கடலைப் பார்த்த சேப்பாக்கத்தில் இடம் வாங்கினார். 117 ஏக்கர் தோட்டத்துக்கு நடுவே 1768-இல் அரண்மனை எழுந்தது. நவாப் குடியிருக்கக் கலச மஹால். அரசவை கூட ஹுமாயூன் மஹால். கட்டியவர் பால் பென்ஃபீல்ட் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. கம்பெனியில் பொறியாளராக வந்து, ஒப்பந்தக்காரராகி, கடைசியில் நவாபுக்கே கடன் கொடுத்துப் பெரும்பணம் சேர்த்தவர். நவாபின் கடன்களைப் பற்றி 1785-இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் பென்ஃபீல்டுக்குக் கிடைத்த சாட்டையடி பெயர்போனது.

அந்தக் கடன்தான் அரண்மனையையும் கொண்டுபோனது. வாலாஜா 1795-இல் இறந்தார். அவர் மகன் உம்தத்-உல்-உமரா 1801 சூலையில் இறந்தபோது கம்பெனிப் படை அரண்மனையைச் சூழ்ந்து நின்றது. அதே மாதம் 31-ஆம் நாள் அசீம்-உத்-தௌலா கையெழுத்திட்ட உடன்படிக்கையால் கர்நாடகத்தின் ஆட்சி கம்பெனி வசமானது. பட்டமும் மாளிகையும் மட்டும் எஞ்சின. 1855-இல் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைய, கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் வாரிசு இழப்புக் கொள்கைப்படி பட்டமும் ரத்தானது. கடன் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல அரண்மனை ஏலத்துக்கு வந்தது. 1859-இல் சென்னை அரசே அதை எடுத்துக்கொண்டது. நவாபின் குடும்பத்தார் பின்னாளில் இராயப்பேட்டை அமீர் மஹாலுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஏலத்தில் தனியார் யாராவது எடுத்திருந்தால் மனைகளாகப் பிரித்து விற்றிருப்பார்கள். அரசு எடுத்ததால் வருவாய் வாரியம் வந்தது, பொதுப்பணித்துறை வந்தது, பொறியியல் கல்லூரியும் வந்தது. 1920-இல் கிண்டிக்கு இடம்பெயரும் வரை அந்தக் கல்லூரி சேப்பாக்கத்தில்தான் இருந்தது. உங்கள் துறையின் முன்னோடிகள் பலர் பாடம் படித்த வளாகம் இது. சென்னை அரசின் கட்டடக் கலை ஆலோசகராக இருந்த ராபர்ட் ஃபெலோஸ் சிஸ்ஹோம் இரண்டு மஹால்களுக்கும் நடுவே சதுரக் கோபுரத்தை எழுப்பி அவற்றை இணைத்தார். வாலாஜா சாலையின் அந்தப் பக்கம் 1879-இல் அவர் முடித்த செனட் ஹவுஸைப் பார்த்துவிட்டு இந்தக் கோபுரத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே கை என்பது தெரியும். பிறகு இருபதாம் நூற்றாண்டில் வளாகத்தின் கடற்கரைப் பக்கம் எழிலகம் போன்ற அடுக்குக் கட்டடங்கள் வந்து முகப்பை மறைத்தன. தோட்டத்தின் ஒரு பகுதி கிரிக்கெட் மைதானமாயிற்று.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குப் பராமரிப்பு சார்ந்த காரணம் ஒன்று உண்டு. நவாப் காலச் சுவர், சிஸ்ஹோம் காலச் சுவர், அலுவலகக் காலத்தில் செருகிய தடுப்பு, தீக்குப் பிறகு போட்ட கூரை என்று நான்கு காலத்து வேலைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் வெயிலில் விரியும், மழையில் ஊறும், தரையில் அமரும். ஒரு காலத்து வேலையும் இன்னொரு காலத்து வேலையும் சேரும் மூட்டில்தான் விரிசல் முதலில் வரும். மழைநீர் முதலில் இறங்குவதும் அங்கேதான். எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்று நிறம் பிரித்துக் காட்டும் தரைத்தள வரைபடமும் மாடி வரைபடமும் ஒவ்வொரு உதவிப் பொறியாளரின் மேசைக்கும் போக வேண்டும். விரிசல் என்று புகார் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரைபடத்தைத்தான்.

இனிக் கூரை. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெட்ராஸ் டெரஸ் என்று இந்தியா முழுவதும் பெயர் பெற்ற கூரை இது. தேக்கு உத்திரங்கள்மேல் குறுக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் கொண்ட மச்சுக்கல் என்ற மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, சட்டங்களுக்கு 45 பாகைச் சாய்வில், அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு வரிசை வரிசையாகச் சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை அடைப்பு கிடையாது. முந்தின வரிசை இறுகிய பிடிப்பில்தான் அடுத்த வரிசை நிற்கும். சாய்வாக வைப்பதால் எந்த ஒரு கல்லின் மூட்டும் சட்டத்துக்கு இணையாக ஓடாது. சுமை பல சட்டங்களுக்குப் பிரிந்து போகும்.

அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த காரை, சுமார் 3 அங்குலம். உங்கள் துறையின் விவரக்குறிப்பிலேயே விகிதம் இருக்கிறது: 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, மணல் இல்லாமல். விகிதம் எல்லாருக்கும் தெரியும். அடிப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரத்தட்டிகளால் நாள்கணக்கில் அடிக்க வேண்டும். வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க, சுண்ணாம்புப் பால் மேலே கசிந்து வரும். தட்டி பட்டால் துள்ளி எழும்புகிற அளவுக்குக் காரை இறுகியதும்தான் நிறுத்தலாம். அரைநாள் அடித்துவிட்டு விட்டால் உள்ளே காற்றுப் பொந்துகள் அப்படியே இருக்கும். முதல் இரண்டு மழையில் ஒன்றும் தெரியாது, மூன்றாவது மழைக்காலத்தில் உத்திரத்தின் ஓரத்தில் கறை இறங்கும். அடித்து முடித்த காரையின் மேல் இரண்டு அடுக்குத் தட்டை ஓடு, ஓட்டின் மூட்டுகள் மேலும் கீழும் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி. தண்ணீர் வழிந்தோட 60-க்கு 1 என்ற வாட்டமாவது வேண்டும்.

இந்தக் கூரை ஒழுகினால் வழக்கமாகச் செய்யப்படுவது என்ன? இருக்கும் ஓட்டின் மேலேயே இன்னொரு காரை, அதன்மேல் சிமெண்ட் கலவையில் இன்னோர் ஓடு. 75 மி.மீ. காரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 130 கிலோ. பத்துக்குப் பத்தடி இடத்தில் ஒரு டன்னுக்கு மேல் புதுப்பாரம் ஏறுகிறது. பதினைந்து இருபது ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஏற்றினால் தேக்கு உத்திரம் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், மறுபடி ஒழுகும். ஆகவே மேலே எதைப் போடுவதானாலும் பழையதை எடுத்த பிறகே போடுவது என்பதை எழுத்துபூர்வ விதியாக்குங்கள். தற்போதைய மேல்தளத்தின் கனத்தை ஒவ்வொரு அறைக்கும் அளந்து பதிவு செய்து வைத்தால், பிறகு வருபவருக்கு ஏமாற வாய்ப்பில்லை.

உத்திரத்தில் பலவீனமான இடம் நடு அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. சுவரின் ஈரம் அங்கே மரத்துக்கு ஏறும். கறையானும் அந்த வழியாகத்தான் வரும். வெளியில் பார்த்தால் உத்திரம் புதிதுபோல் இருக்கும், உள்ளே முனை மாவாகியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு உத்திரத்தின் இரண்டு முனைகளையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தேக்கு கணீரென்று பேசும். உளுத்தது பொத்தென்று ஒலிக்கும். சந்தேகமானால் மெல்லிய துரப்பணக் கம்பியால் துளைத்து, வரும் தூளைப் பார்த்தாலே போதும். முனை மட்டும் கெட்டிருந்தால் முழு உத்திரத்தையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, பழந்தேக்கில் புதுத்துண்டைச் சாய்வெட்டாக இணைத்து, துருப்பிடிக்காத எஃகுத் தகடும் ஆணியும் கொண்டு பிடிக்கலாம். முனையைச் சுவருக்குள் மறுபடி வைக்கும்போது சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட்டுக் காற்று புக வழி செய்யுங்கள். அந்த இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைப்பதுதான் முன்பு கெட்டதற்கே காரணமாக இருக்கும்.

இத்தனையையும் மறைப்பது பொய்க்கூரை. அறை குளிர வேண்டும், பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று ஜிப்சம் பலகை மாட்டிவிட்டால், மேலே ஒழுகுவது பலகை ஊறி விழும் நாள்வரை யாருக்கும் தெரியாது. இரண்டு மஹாலிலும் பொய்க்கூரைக்கு அனுமதி தரக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சுவருக்கு வருவோம். கடலோரக் கட்டடத்தின் முதல் எதிரி உப்பு. அரண்மனை கட்டப்பட்ட காலத்தில் கடல் இன்றைவிட நெருங்கி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் எழுந்த பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா இவ்வளவு அகன்றது. இரண்டரை நூற்றாண்டாகக் காற்றோடு வந்த உப்பும், தரையிலிருந்து ஈரத்தோடு ஏறிய உப்பும் செங்கல்லுக்குள் இருக்கின்றன. அதை முழுவதும் வெளியேற்ற யாராலும் முடியாது. அது எங்கே படிகமாகிறது என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம்.

சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரம் பூச்சின் மேற்பரப்புவரை வந்து ஆவியாகும். உப்பு அங்கே பூக்கும். பூச்சு உதிரும், செங்கல் பிழைக்கும். பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் பூச்சும் அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் இருந்தால் ஈரத்துக்கு வழியில்லை. உப்பு செங்கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவில் படிகமாகிச் செங்கல்லையே பொடியாக்கும். ஒருநாள் பூச்சு தகடாகப் பெயர்ந்து விழும்போது பின்னால் இரண்டு அங்குலம் செங்கல் காணாமல் போயிருக்கும். தரையிலிருந்து நான்கைந்து அடிவரை இந்தச் சேதம் அதிகம். அடியில் கிரானைட் அல்லது டைல் ஒட்டினால் அழகாக இருக்கும் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். ஈரம் டைலுக்கு மேலே ஏறிப் பூக்கும், அவ்வளவுதான் நடக்கும்.

சரிசெய்யும் முறைக்கு அவசரம் ஆகாது. ஈரக்கறை தெரியும் மட்டத்துக்கு மேலே மூன்றடிவரை சிமெண்ட் பூச்சை உளியால் எடுக்க வேண்டும், பிரேக்கர் எந்திரம் கூடாது. மூட்டுகளை முக்கால் முதல் ஓர் அங்குல ஆழம் சுரண்ட வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் உப்பைத் தள்ளி, அள்ளி, வளாகத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காகிதக் கூழை நல்ல தண்ணீரில் குழைத்துச் சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மேற்பரப்பு உப்பில் கணிசமான பகுதி வந்துவிடும். பிறகு ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தபடி காயவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பொறுமை தவறுகிறது. அலுவலகத்துக்கு வருபவர்கள் வெறும் செங்கல்லைப் பார்த்துக் குறை சொல்வார்கள் என்று அஞ்சி ஈரத்தின் மேலேயே பூசிவிடுகிறார்கள்.

பூசும் சுண்ணாம்பு மூட்டையில் பொடியாக வருவது வேண்டாம். கல்லாக வரும் சுட்ட சுண்ணாம்பையோ கிளிஞ்சலையோ வாங்கி வளாகத்திலேயே தொட்டி கட்டி நீற்றுங்கள். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைப் பறிக்கும். சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க, குறைந்தது ஒரு மாதம் ஊற வேண்டும். ஊறாத சுண்ணாம்பின் துகள் பூச்சுக்குள் போய்ப் பின்னால் நீறி, அம்மைத் தழும்பு போலப் பொக்குப் பொக்காகத் தெறிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு ஆற்றுமணல். கடல் மணல் ஒரு சட்டிகூட ஆகாது. அரைவையில் போட்டு அரைத்த கலவைக்கும் மண்வெட்டியால் புரட்டிய கலவைக்கும் உழைப்பில் மட்டுமல்ல, ஆயுளிலும் வித்தியாசம் உண்டு. ஒரு தடவைக்கு 10 முதல் 12 மி.மீ. கனத்துக்கு மேல் பூசக்கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். கனமாகப் பூசினால் உள்பக்கம் பச்சையாகவே இருக்கும். அடுக்குக்கு அடுக்கு ஒரு வாரமாவது இடைவெளி, அதுவரை ஈரச்சாக்கு.

கடுக்காயும் வெல்லமும் பற்றி ஒரு வார்த்தை. இரண்டும் பயனுள்ளவை, ஆனால் அதிகமானால் கெடுதல். வெல்லம் மிஞ்சினால் கலவை இறுகத் தாமதமாகும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். முதலில் ஒரு சதுர மீட்டர் மாதிரிப் பூச்சுப் போட்டு, ஒரு மாதம் பார்த்து, அந்த அளவை எழுதிவைத்துக்கொண்டு முழுச் சுவருக்கும் போவதே சரி. சீக்கிரம் பிடிக்கட்டும் என்று ஒரு கரண்டி சிமெண்ட் சேர்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். அந்தக் கலவை சிமெண்டின் வலுவையும் தராது, சுண்ணாம்பின் மூச்சையும் தராது.

பளிங்கோ என்று ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதிய சென்னைச் சுண்ணப்பூச்சு, முட்டை வெள்ளைக்கருவும் மாக்கல் பொடியும் சேர்த்து, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்து எடுத்தது. அந்தத் தேய்ப்பு தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. விலைப்புள்ளி குறைந்தவருக்கே வேலை என்ற முறையில் அவர்கள் உள்ளே வரவே முடியாது. சுண்ணாம்பு வேலைக்குத் தனி விகிதப் பட்டியலும், மாதிரிப் பூச்சைக் கண்ணால் பார்த்துக் கொத்தனாரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் வேண்டும். நிதி பிப்ரவரியில் வந்து மார்ச் 31-க்குள் எம்-புக் (வேலை அளவுப் பதிவேடு) முடிக்க வேண்டியிருந்தால் ஒரு மாதம் ஊறவைத்த சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? மரபுக் கட்டடங்களின் பராமரிப்பு நிதியை நிதியாண்டு தாண்டி எடுத்துச் செல்லும் அனுமதியை நிதித்துறையிடம் கேளுங்கள். எங்களைப் போன்றவர்களின் ஆதரவு அதற்கு நிச்சயம் உண்டு.

அலுவலகத் தலைவர்களுக்கு இனி.

தீ மறுபடி வராமலிருப்பது பெரும்பாலும் உங்கள் கையில். தேக்கு உத்திரம் மெதுவாகத்தான் எரியும். நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்தைக் கொஞ்ச நேரம் காக்கும். ஆனால் நள்ளிரவில் பற்றி யாரும் பார்க்காமல் ஒரு மணி நேரம் எரிந்தால் உத்திரத்தின் எரிகிற பக்கம் ஒவ்வொன்றிலும் 30 மி.மீ. போய்விடும். அதன்மேல் பல டன் காரை நிற்கிறது. மரக்கூரை கொண்ட கட்டடத்துக்குள் நுழையும் தீயணைப்பு வீரருக்கு ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது. அணைக்க அடிக்கும் தண்ணீரையும் அந்தக் காரை உறிஞ்சி இன்னும் கனமாகும். ஆகவே இப்படிப்பட்ட கட்டடத்தில் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதே முதல் கேள்வி. ஒவ்வோர் அறையிலும் புகை உணர்வி, அதன் மணி வளாகக் காவலரிடமும் ஒலிக்கும்படி. மாலை அலுவலகம் மூடியதும் விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஏ.சி.க்கும் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துவது. உணர்விகளுக்கும் சர்வருக்கும் மட்டும் தனி இணைப்பு. உலோகக் குழாய்க்குள் மட்டுமே கம்பி. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு தடுப்பி ஒவ்வொரு மின்பலகையிலும். ஒரு பிளக்கில் மூன்று எக்ஸ்டென்ஷன் பெட்டி கண்ணில் பட்டால் அன்றே அகற்றப்பட வேண்டும்.

காகிதம் எரிபொருள் மட்டுமல்ல, பாரமும்கூட. பொது அலுவலகத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ தாங்கும்படியும், கோப்பு அறையை 500 கிலோ தாங்கும்படியும் வடிவமைப்பது இன்றைய இந்தியத் தரம். ஆறரை அடி உயர எஃகு அலமாரி நிறையக் கோப்பு அடுக்கினால், அது நிற்கும் அரைச் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் 300 கிலோவுக்கு மேல் இறங்கும். மாடியில் அலமாரிகளை வரிசையாக நடு அறையில் நிறுத்துவதை நிறுத்துங்கள். கோப்பறை தரைத்தளத்தில் இருக்கட்டும். மாடியில் தவிர்க்க முடியாதவை உத்திரம் சுவரில் அமரும் ஓரமாக, ஒற்றை வரிசையில்.

ஏ.சி. வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னைக் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி அளவில் இருக்கும். அறையை 20-க்குக் குளிரவைத்தால் சுவரின் உள்முகமும் உத்திரத்தின் அடிப்பக்கமும் அதற்குக் கீழே போய், கதவு திறக்கும் போதெல்லாம் நுழையும் கடல்காற்று அவற்றின்மேல் நீராகப் படியும். 26-இல் வைத்து மின்விசிறியைப் போட்டால் உடலுக்கும் போதும், மரத்துக்கும் நல்லது. அருங்காட்சியகக் காட்சிப் பொருள்களுக்குக் கட்டுப்பாடான காற்று தேவை என்றால் மூடிய கண்ணாடிப் பேழைக்குள் அதைச் செய்யலாம். மஹால் முழுவதையும் குளிர்ப்பெட்டி ஆக்கத் தேவையில்லை. வெளி யூனிட்டைப் பூவேலை உள்ள சுவரிலோ கைப்பிடிச் சுவரிலோ தொங்கவிடக் கூடாது. ஏ.சி. தண்ணீர்க் குழாய் சுவரோரம் முடிகிற வழக்கம் சாதாரணமாகத் தெரியும். ஒரு யூனிட் நாளொன்றுக்குப் பல லிட்டர் சொட்டும், அடித்தளச் செங்கல் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். எந்தத் துளை போடுவதானாலும் உதவிப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் போடக்கூடாது. போட்ட துளை எங்கே, எவ்வளவு ஆழம், யார் கேட்டது என்று ஒரு பதிவேடு இருக்க வேண்டும்.

சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர்வரை கொட்டுகிறது. ஆகவே இந்தக் கட்டடங்களின் ஆண்டு செப்டம்பரில் தொடங்க வேண்டும். செப்டம்பர் முதல் வாரம் மொட்டைமாடி முழுவதும் பெருக்கி, ஒவ்வொரு தூம்பிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, கீழே எத்தனை நொடியில் வருகிறது என்று பார்ப்பது. கைப்பிடிச் சுவரிலும் குவிமாட இடுக்கிலும் முளைத்திருக்கும் அரசமரக் கன்றை விரல்நீளத்தில் இருக்கும்போதே வேரோடு எடுப்பது. முழநீளம் வளர்ந்தபின் இழுத்தால் செங்கல்லும் கூட வரும், அப்போது தண்டை வெட்டி வெட்டுவாயில் மருந்து தடவி வேர் சாகும்வரை காத்திருந்து பிறகே எடுக்க வேண்டும். முதல் பெருமழையின்போது ஒருவர் குடையோடு மாடிக்குப் போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் வளைத்துக் குறிப்பது. மழை நின்றபின் சனவரியில் அந்தக் குறிகளைப் பழுதுபார்ப்பது. இதற்கு ஆகும் செலவு பெரும் மறுசீரமைப்பு மதிப்பீட்டில் ஒரு சிறு வரிக்குக்கூட வராது. தேவை பெயர் சொல்லி நியமித்த ஒரு பொறுப்பாளரும், அவரோடு நிரந்தரமாக ஒரு கொத்தனார், ஒரு தச்சர், இரண்டு உதவியாளர்களும்.

2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் அண்ணா சாலையின் பழைய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டட வழக்கில் தந்த தீர்ப்பு, இந்நகரின் மரபுக் கட்டடங்களைக் காக்கும் கடமையை அரசுக்கு நினைவூட்டியது. 2012-இல் மரபு ஆணையச் சட்டமும் வந்தது. அவற்றின் பாதுகாப்பு இடிப்பைத் தடுக்கும். ஒழுகலைத் தடுக்கும் வேலை உங்களுடையது.

மக்கள் தரப்பிலிருந்தும் ஒன்று கேட்கிறோம். காமராஜர் சாலையில் போகிற யாருக்கும் எழிலகத்துக்குப் பின்னால் 1768-ஆம் ஆண்டின் அரண்மனை இருப்பது தெரியாது. சாலையோரம் தமிழில் தெளிவான ஒரு பலகை வையுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அலுவலகம் இல்லாத நேரத்தில், வெளித் தாழ்வாரங்களையும் கோபுரத்தின் அடியையும் பார்க்க அனுமதியுங்கள். கிண்டிப் பொறியியல் மாணவர்களையும் கட்டடக்கலை மாணவர்களையும் அழைத்து, காரை அடிப்பதையும் சுண்ணாம்பு நீற்றுவதையும் அவர்கள் கையாலேயே செய்யவிடுங்கள். அடுத்த தலைமுறைக் கொத்தனாரும் பொறியாளரும் அப்படித்தான் உருவாவார்கள்.

வருகிற செப்டம்பருக்குள் மூன்று காரியங்கள் நடந்திருக்க வேண்டுகிறோம்: காலவாரி நிறம் பிரித்த வரைபடம், துளைப் பதிவேடு, வளாகத்தில் ஒரு சுண்ணாம்புத் தொட்டி. தொட்டிக்கு ஆறடி நீளம், நான்கடி அகலம், மூன்றடி ஆழம் போதும். நிழலான மூலையில், மூடியோடு. இன்றே சுண்ணாம்பைப் போட்டால் மழைக்கு முந்தைய சிறு ஒட்டுவேலைகளுக்கு அது தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
சென்னையின் சுண்ணாம்புக் கட்டடங்களில் வேலை செய்யும் கொத்தனார்கள், தச்சர்கள், பொறியாளர்கள்